பதினேழு

2023 பிப்ரவரி முதல் வாரம். திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். எடுத்த எடுப்பில், "இருவத்தொண்ணு காட்டுதுப்பா" என்றார். சர்க்கரை அளவா, ரத்த அழுத்தமா என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் தை மாதத்தில் யாராவது எண் சொன்னால் அது நெல்லின் ஈரப்பதம்.

அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். பஞ்சாபில் அறுப்புக் காலத்து வறண்ட காற்றில் காயும் நெல்லுக்கும், வங்கக்கடலின் உப்புக் காற்றில் காயும் எங்கள் நெல்லுக்கும் அதே பதினேழுதான். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும், தையில் வெயிலும் பனியும்தான் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு சம்பா சாகுபடி. அந்த வாரம் இலங்கைப் பக்கம் வந்த தாழ்வு மண்டலம், அறுப்புக்கு நின்ற பயிரைப் படுக்க வைத்துவிட்டது.

ஒரே ஒரு மழையைக் காட்டி 'பருவநிலை மாற்றம்' என்று முடிவு கட்டினால் விஞ்ஞானிகள் கோபிப்பார்கள். நியாயம்தான். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கும் என்பது பௌதிகம். அதில் வாதத்துக்கு இடமில்லை.

சாய்ந்த பயிரின் செலவுக் கணக்கு வயலில் இறங்கினால்தான் தெரியும். ஈர வயலில் டயர் வைத்த அறுப்பு வண்டி புதையும். செயின் வண்டிதான் வேண்டும், அதற்கு வாடகை அதிகம். நிமிர்ந்த பயிரை ஒரு மணி நேரத்தில் அறுக்கிற இடத்தில், படுத்த பயிருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. அறுத்த நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காய வைக்க வேண்டும், தூறல் விழுந்தால் படுதாவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு நெல்லுக்குள்ளேயே தெளித்த உளுந்து, தேங்கிய தண்ணீரில் அழுகிப்போனது. டெல்டாக்காரருக்கு நெல் என்பது கடனை அடைக்கிற பணம். கையில் நிற்கிற காசு உளுந்தும் பயறும்தான். ஒரே மழை இரண்டையும் வாங்கிக்கொண்டது.

ஈரப்பதத்தை 22 வரை தளர்த்தும்படி தமிழக அரசு கேட்டது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போனது. 20 வரை அனுமதி வந்தது. அது வருவதற்குள் சித்தப்பா வியாபாரியிடம் கேட்ட விலைக்குப் போட்டுவிட்டார். கூட்டுறவு வங்கியில் அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகிற நிலை.

33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்கு எட்டாயிரம். ஆனால் சித்தப்பா உழுவதில் பாதி வாய்வழிக் குத்தகை. சாகுபடிப் பதிவேடான அடங்கலில் பெயர் நில உடைமையாளருக்கு. அவர் இருப்பது சென்னையில். மழை யார் வயலில் பெய்தது என்பது ஊருக்கே தெரியும், தாளுக்குத்தான் தெரியாது. பருவநிலை பற்றிய எந்தக் கருத்தரங்கிலும் குத்தகைப் பதிவு பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

மழை மட்டுமல்ல, ஆற்றுத் தண்ணீரும் நாள் தவறுகிறது. குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28. இதில் மழை பாதி, காவிரி அரசியல் பாதி. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடையில் நாற்றங்கால் விடப் பயந்து நேரடி விதைப்புக்குப் போகிறார்கள். விவசாயிக்கு அது புத்திசாலித்தனம். நடவுக்குப் போகும் பெண்களுக்கோ வருஷத்தின் நிச்சயமான கூலி நாட்கள் அதோடு போயின. எங்கள் தெருவில் நடவுப் பாட்டுத் தெரிந்த அக்கா ஒருவர் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். சித்தப்பாவின் மகனும் அங்கேதான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் புதுப் படுதா மடித்துக் கிடந்தது. "தம்பி அனுப்பின காசுல வாங்குனது. போனதை விடப் பெருசு" என்றார் சித்தப்பா. கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.