அறுபத்தோராவது அண்ணன்

போன வாரம் ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர் வழவழப்பான ஒரு நோட்டீஸோடு வந்தார். இன்ஜினீயரிங் படிக்கும் அவர் பையன் லீவில் வெளிநாடு போய்த் தொண்டு செய்யப் போகிறானாம். ஆறு வாரம். தங்க இடம், சாப்பாடு, சர்ட்டிபிகேட். ஞாயிற்றுக்கிழமை யானைச் சவாரி.

"உங்க அக்கா பையன்கூட இந்த மாதிரி போனானே சார். நல்லதுதானே? பயோடேட்டாவுல போட்டுக்கலாம்."

"ஃபீஸ் எவ்வளவு?"

சொன்னார். அந்தக் காசுக்கு யானையையே விலை பேசலாம் போலிருந்தது.

"சேவை செய்யறதுக்கு நாம ஏன் சார் பணம் கட்டணும்?" என்று அவரே கேட்டார். "அதான் சர்ட்டிபிகேட் தர்றாங்களே" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

இதே கேள்வியை என் அக்கா 2016-ல் கேட்டாள். அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கு 44,000 ரூபாய் செலவு வைத்தது.

அக்கா பையன் அப்போது சிங்கப்பூரில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் இரண்டாவது வருஷம் முடித்திருந்தான். அங்கே மே மாசம் ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரை லீவு. பையன் வருவான், முறுக்கு சுட்டு வைக்கலாம் என்று திருச்சியில் அக்கா காத்திருக்க, போன் வந்தது. "அம்மா, நான் கம்போடியா போறேன். ஆதரவில்லாத குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரப்போறேன்."

அக்காவின் முதல் கவலை சாப்பாடு. நியாயமான கவலை. அங்கே 'ப்ரஹோக்' என்று ஒன்று உண்டு. மீனை உப்புப் போட்டு மாசக்கணக்கில் ஊறவைத்த விழுது. நம் ஊர்க் கருவாட்டுக்குப் பெரியப்பா முறை. இரண்டாவது கவலை, "இவன் இங்கிலீஷே சுமார்தானேடா?"

பஞ்சாயத்துக்கு நான். பொது அறிவைக் காட்டும் சந்தர்ப்பத்தை நான் விடுவதில்லை. 1934-ல் பீஹாரில் பூகம்பம் வந்தபோது பியர் செரசோல் என்று ஒரு ஸ்விட்சர்லாந்து இன்ஜினீயர் வந்தார். அப்பா ஒரு காலத்தில் அந்த நாட்டுக்கே ஜனாதிபதி. பிள்ளையோ ராணுவ வரி கட்டமாட்டேன் என்று ஜெயிலுக்குப் போனவர். முதல் உலகப் போர் முடிந்ததும், 1920-ல், ஃபிரான்ஸில் வெர்டன் பக்கம் இடிந்துபோன கிராமத்தைக் கட்ட ஆள் சேர்த்துக்கொண்டு போனார். 'ஸர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு அதிலிருந்துதான் பிறந்தது. அந்த மனுஷர் ஐம்பது வயசுக்கு மேல் முஸாபர்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர்களோடு சேர்ந்து வீடு கட்டினார்.

"உன் பையனுக்கு வயசு இருபதுக்கா. போகட்டுமே!"

அக்கா மடங்கினாள். "அப்போ பணத்தை நீயே குடு" என்றாள்.

ஃபீஸ் 1,800 சிங்கப்பூர் டாலர். பாதி அவன் பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்தது. மீதி, சமையலறையில் கிரானைட் போடுவதற்காக நான் ரெகரிங் டெபாசிட்டில் கட்டி வந்தது. பழைய மேடையைத் துடைக்கும்போதெல்லாம் என் மனைவி இன்றைக்கும் "கம்போடியா" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்வாள்.

அவன் போன ஊர் ஸியம் ரீப். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய அங்கோர் வாட் பக்கத்தில்தான். முதல் மெயில் முழுக்க உற்சாகம். "மாமா, இங்கேயும் கை கூப்பித்தான் வணக்கம் சொல்றாங்க. வாத்தியாரை 'லோக் க்ரூ'ங்கறாங்க. நம்ம குருதான்! அண்ணனுக்கு 'பொங்'. அக்காவுக்கும் 'பொங்'தான்." கூடவே ஒரு போட்டோ. முப்பது குழந்தைகளுக்கு நடுவே பல்லெல்லாம் தெரிய நிற்கிறான். அக்கா அதை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள்.

இரண்டாவது வாரம் மெயில் நாலு வரியாகச் சுருங்கியது. மூன்றாவது வாரம் வரவே இல்லை.

ஜூலையில் திருச்சி வந்தான். நானும் போயிருந்தேன். ராத்திரி மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"அங்க ஏற்கெனவே ஒரு டீச்சர் இருந்தாங்க மாமா. உள்ளூர்ப் பொண்ணு. என்னைப் பார்த்ததும் சிரிச்சாங்க. சாக்பீஸை என் கையில குடுத்துட்டு கடைசி பெஞ்சுல போய் உட்கார்ந்துட்டாங்க."

இவன் கண், காது, மூக்கு என்று இங்கிலீஷில் ஆரம்பித்திருக்கிறான். "நான் மூக்கைத் தொடறதுக்கு முன்னாடியே எல்லாப் பசங்களும் 'நோஸ்'னு கத்துதுங்க. எனக்கு முன்னாடி வந்தவனும் மூக்குலதான் ஆரம்பிச்சிருக்கான். அவனுக்கு முன்னாடி வந்தவளும் அப்படித்தான். வந்தவங்க எல்லாரும் மூணு வாரம், ஆறு வாரத்துல கிளம்பிடறாங்க. மூணு வருஷமா அந்தப் பசங்க மூக்கைத் தாண்டலை மாமா."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

டீச்சர் சம்பளம் மாசம் 200 அமெரிக்க டாலராம். இவன் கட்டிய ஃபீஸ் கிட்டத்தட்ட 1,300 அமெரிக்க டாலர். ஆறு மாசச் சம்பளத்துக்கு மேல். அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறான்.

பத்து வயசுப் பெண் ஒருத்தி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தாள். பெயர், நாடு, வந்த தேதி. இவன் அறுபத்தோராவது பொங். கடைசிக் கட்டத்தில் டிக் அடித்திருந்தது. என்ன என்று கேட்டானாம். 'அடுத்த வருஷம் வருவேன்' என்று சொன்னவர்களுக்கு டிக். அறுபது பேரில் ஐம்பத்திரண்டு டிக். திரும்பி வந்தவர்களுக்குத் தனிக் கட்டம் எதுவும் அவள் போட்டிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மாள் பழைய சைக்கிளில் மாம்பழப் பையோடு கேட்டுக்கு வெளியே நின்றாள். நோட்டுக்காரி ஓடினாள். டீச்சரிடம் விசாரித்தால், பெற்ற தாய். வீடு இருபது கிலோமீட்டரில்தான். "இங்கே விட்டால் இங்கிலீஷ் படிப்பு, மூணு வேளை சாப்பாடு" என்று யாரோ சொல்லிக் கூட்டி வந்து சேர்த்ததாம்.

இதெல்லாம் அந்த ஓர் இல்லத்துக் கதை என்றுதான் நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தால் தலை சுற்றியது. 2005-லிருந்து 2010-க்குள் கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்கள் 75 சதவீதம் கூடியிருக்கின்றன. யுத்தம் ஓய்ந்து வருஷக்கணக்காகி, டூரிஸ்டுகள் பெருகிய காலம் அது. இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நாலுக்கு மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். 2011-லேயே அங்கே 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல' என்று ஓர் இயக்கமே நடந்திருக்கிறது. பார்க்க ஆள் வருகிறது, காசு வருகிறது, அதனால் அநாதை தேவைப்படுகிறது. வயிற்றைக் கலக்கும் கணக்கு. 2018-ல் ஆஸ்திரேலியா இப்படிப் பிள்ளை பிடிப்பதை நவீன அடிமைத்தனத்தில் ஒரு வகை என்று ஒப்புக்கொண்டது.

"சரி, மிச்ச நாள் என்னடா செஞ்சே?"

"சாக்பீஸைத் திருப்பிக் குடுத்துட்டேன் மாமா. ஃபேன் ரிப்பேர் பண்ணேன். தண்ணி மோட்டார் பார்த்தேன். எட்டு ஃபேன்ல இப்ப அஞ்சு ஓடுது."

"முன்னாடி எத்தனை ஓடிச்சு?"

"நாலு."

கொஞ்ச நேரம் கழித்து, "உங்க செரசோல் இன்ஜினீயர் மாமா. கட்டத் தெரிஞ்சவர், கட்டினார். எனக்கு என்ன தெரியும்னு ஏஜென்சிக்காரன் கேக்கலை. நீங்களும் கேக்கலை" என்றான்.

கிளம்பும் நாளில் அந்தப் பெண் நோட்டும் பென்சிலுமாக வந்து நின்றாளாம். இவன் 'வரமாட்டேன்' என்று சொல்லியிருக்கிறான். அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். கட்டத்தில் ஒன்றும் போடவில்லை. நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஹாலில் இருந்த போட்டோவை மறுநாள் அவனே கழற்றினான். ஆணி இன்னும் இருக்கிறது.

ஸீட்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அந்த வேலைக்கு உள்ளூர்ல ஆள் இருக்காங்களான்னு முதல்ல கேளுங்க. குழந்தைங்ககூடப் பழகப்போறவன் யாரு என்னன்னு அவங்க விசாரிக்கறாங்களான்னு பாருங்க. பணம் கட்டினா போதும், யார் வேணா வரலாம்னா, வேண்டாம். கடைசியா, உங்க பையனுக்கு என்ன தெரியும்?"

யோசித்தார். "போட்டோ நல்லா எடுப்பான் சார்."

நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. என் பெண்ணின் பிறந்த நாளுக்கு வருஷா வருஷம் நாங்கள் குடும்பத்தோடு ஓர் இல்லத்துக்குப் போவோம். கம்போடியாவில் இல்லை, சென்னையில்தான். பசங்கள் வரிசையாக நின்று பாட்டுப் பாடுவார்கள். பெண் கேக் வெட்டுவாள். நான் போட்டோ எடுப்பேன். ஒரு தடவை ஒரு பொடியன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அங்கிள், இன்னிக்கு இது மூணாவது கேக்" என்றான். அதை ஆபீஸில் ஜோக்காகச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அம்மா இருக்கிறாளா, எந்த ஊர் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று நம் ஊரிலேயே 2015-ல் சட்டம் வந்திருக்கிறது. எனக்கு பீஹார் பூகம்பம்தான் தெரியும்.

அடுத்த வருஷம் பிறந்த நாளுக்கு முன்னால் இல்லத்துக்குப் போன் செய்தேன். "இந்தத் தடவை நாங்க வரலை சார். பணம் அனுப்பிடறேன். வீடு இருக்கற பசங்க லீவுக்கு ஊர் போய்வர பஸ் சார்ஜுக்கு வச்சுக்குங்க."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தாராளமா சார். ஆனா கேக் மட்டும் அனுப்பிடுங்க. இன்னிக்குப் பாப்பா பிறந்த நாள்னு பசங்க தேதி குறிச்சு வச்சிருக்காங்க."

பேக்கரிக்குப் போனேன். கவுண்டர் பையன் கேட்டான்: "பேர் என்ன சார் எழுதணும்?"

ரொம்ப நேரம் நின்றேன். பின்னால் க்யூ சேர்ந்துவிட்டது.

"எதுவும் எழுத வேண்டாம். ரெண்டு கிலோவா குடுப்பா" என்றேன்.