அளக்காமல் வாங்கும் கடன்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் வாக்கு. கெடா மாநிலத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த தமிழர்கள் இவ்வாக்கை வாயளவில் சொன்னவர்கள் அல்லர், வாழ்ந்து காட்டியவர்கள். பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தி அதன் பங்குதாரர் ஆயினர். அச்சங்கம் முதன்முதலாக வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை. ஏட்டுக் கல்வி வாய்க்காத அம்மக்கள் கணக்கறிந்து காசைப் போட்டனர்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ, கல்வி வாய்த்தும் கணக்கின்றிக் கடன் வாங்குகின்றனர். இது கசப்பான உண்மை.

சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், லூனாஸ் வட்டாரங்களில் எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு தனியார் கல்லூரிகளின் வண்ண விளம்பரத் தாள்கள் வீடு தேடி வந்துவிடுகின்றன. அவற்றுள் இளைஞர் மனத்தை எளிதில் கவர்வது வரைகலை வடிவமைப்புப் பட்டப்படிப்பு. பிள்ளை நன்றாகப் படம் வரைகிறான்; கணினியில் கைவேலை தெரிந்தவன்; ஆகவே இதுவே அவனுக்குரிய துறை என்று பெற்றோர் மனம் மகிழ்கின்றனர். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால், கடன் கிடைக்கும் என்ற விடை வருகிறது. கேட்டது விலை, கிடைத்த விடையோ கடன். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை எடுத்துரைப்பார் இல்லை.

பி.டி.பி.டி.என். என மக்கள் வழங்கும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997இல் தோன்றியது. ஏழைப் பிள்ளைகள் பலருக்குப் பல்கலைக்கழக வாயிலைத் திறந்துவிட்ட பெருமை அதற்கு உண்டு. அதை மறுப்பது நன்றி மறத்தலாகும். அதன் சேவைக் கட்டணமும் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு என்ற சிறு அளவினதே. ஆயின், வட்டி சிறிது என்பதால் முதல் சிறிதாகிவிடுமா? முதல் வகுப்பில் தேறினால் கடன் தள்ளுபடியாகும் என்று ஆறுதல் கூறுவோரும் உளர். அது எல்லார்க்கும் கிட்டுவதன்று; நிபந்தனைகளும் உண்டு. வெல்வோம் என்ற நம்பிக்கையில் வைக்கும் பந்தயத்தைத் திட்டம் என்று சொல்லலாகாது.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். கல்விக் கட்டணத்திற்கே ஓர் இளைஞன் 50,000 ரிங்கிட் கடன் பெறுகிறான் எனக் கொள்வோம். 15 ஆண்டுத் தவணையில் சேவைக் கட்டணம் 7,500. மொத்தம் 57,500 ரிங்கிட். மாதந்தோறும் ஏறத்தாழ 320 ரிங்கிட். அடிப்படைப் படிப்பு ஓராண்டு, பட்டப்படிப்பு மூவாண்டு என நான்கு ஆண்டுகள் அவன் ஊதியம் பெறுவதில்லை. அவனோடு பள்ளியில் படித்த நண்பன், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில், 2025இல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்திற்கே சேர்ந்தாலும், அந்நான்கு ஆண்டுகளில் 81,600 ரிங்கிட் ஈட்டியிருப்பான். இழந்த ஊதியமும் ஏற்ற கடனும் சேர்ந்தால் 1,39,100 ரிங்கிட். பட்டத்தின் உண்மையான விலை இதுவே.

பட்டதாரி 2,500 ரிங்கிட்டில் தொடங்கினால், நண்பனைவிட மாதம் 800 கூடுதல். இருவர் ஊதியமும் ஒரே அளவில் ஏறுமெனின், அந்த விலையை மீட்கப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். 2,200இல் தொடங்கினாலோ இருபத்துமூன்று ஆண்டுகளைக் கடக்கும். கோலாலம்பூரில் அறை வாடகை கொடுத்து வாழ வேண்டுமெனின் நிலைமை இன்னும் மோசம். ஊதியம் விரைந்து உயர்ந்தால் காலம் குறையும் என்பது மெய்யே. அத்துறையில் அவ்வாறு உயர்கிறதா என்று எத்தனை பெற்றோர் கையொப்பமிடுமுன் விசாரித்தனர்?

கல்வி ஒன்றே தோட்டத்து மக்களைக் கரையேற்றும். அதற்குக் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம் என்று சிலர் சினந்து கூறுவர். கல்வி கரையேற்றும் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் கல்வி வேறு, கடன்பட்ட பட்டம் வேறு. வடிவமைப்பாளனை வேலைக்கு எடுப்பவன் முதலில் கேட்பது அவன் செய்த வேலைகளின் தொகுப்பைத்தான். பட்டச் சுருள் அதற்குப் பின்னரே. அதிலும், திருமண அழைப்பிதழையும் திருவிழாப் பதாகையையும் கைப்பேசிச் செயலியிலேயே ஆக்கிக்கொள்ளும் காலம் இது. செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் படம் வரைந்து தருகிறது. தொடக்கநிலை வேலைகளே முதலில் தேய்கின்றன. கடன்பட்ட இளைஞன் நம்பியிருப்பதும் அவற்றைத்தான்.

அரசின் பிழையும் இதில் உண்டு. மெர்போக்கிலுள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் வீட்டருகே இருந்தும், அதன் இளங்கலைக் கதவு தமிழ்ப் பிள்ளைக்குத் திறப்பதில்லை. அருகிலுள்ள வாயில் அடைபட்டவன் தொலைவிலுள்ள விலையுயர்ந்த வாயிலைத் தேடுவது இயல்பே. அவனைக் குறை கூறுமுன் இவ்வநீதியையும் கூற வேண்டும்.

எனினும், அடையாத வாயில்களும் உள. ஆறாம் படிவம் பயின்று எஸ்.டி.பி.எம். வழியே அரசுப் பல்கலைக்கழகம் புகலாம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலைப்புலம் உண்டு. பாலிடெக்னிக்குகளும் சமூகக் கல்லூரிகளும் குறைந்த கட்டணத்தில் தொழில் கற்பிக்கின்றன. இவை கௌரவக் குறைவு என்று கருதும் மனப்பான்மையே முதற்பகை. ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கும் படிப்பின் தவணையை ஊர் வந்து கட்டுவதில்லை.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணி, ஊரிலே முன்பணம் கொடுத்து உழைப்பைப் பிணைத்தான். 1938இல் இந்திய அரசு தடை விதித்தபின் அவ்வழக்கம் ஓய்ந்தது. அன்று கைநாட்டு வைத்தவனுக்குத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. இன்று கையொப்பமிடுபவனுக்குப் படிக்கத் தெரியும். படிக்கத் தெரிந்தும் படியாமல் ஒப்பமிடுவதை எப்பெயரால் அழைப்பது?

கல்லூரிகள் மொத்தக் கட்டணத்தையும், முந்தைய மாணவர்கள் உண்மையில் பெறும் ஊதியத்தையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தர வேண்டும். தர மறுக்கும் கல்லூரியைப் பெற்றோர் புறக்கணிக்க வேண்டும். பட்டம் பெற்றவனுக்கு மாலையிட விரையும் கோயில் நிர்வாகங்களும் இயக்கங்களும், விண்ணப்பம் போடுமுன் அவனை அமர்த்திக் கணக்குப் போடக் கற்பிப்பதே தலையாய பணி. கணக்குப் பார்த்தபின்னும் வரைகலையே வாழ்வென்று துணிபவனைத் தடுக்க எவர்க்கும் உரிமையில்லை. அவன் தன் சுமையின் எடையறிந்து தோளில் ஏற்றியவன். எடை தெரியாமல் ஏற்றி அனுப்புவதே குற்றம். அக்குற்றத்தில் பெற்றோரும் ஆசிரியரும் சமுதாயத் தலைவரும் ஒருங்கே பங்காளிகள்.