லாரி நின்றால் பம்பைக் கழற்றுவதா?

சங்கத்தின் வரவு செலவுக் கணக்கில் "லாரி பழுது" என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் தொகையைக் குறித்து மகாசபையில் அங்கத்தினர்கள் கேள்வி எழுப்புவது நியாயமே. பழைய வண்டியென்றால் செலவு இருக்கத்தான் செய்யும் என்று விடை கூறி நிர்வாகிகள் அமர்ந்துவிடுகிறார்கள். அந்த விடையை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. இச்செலவில் பெரும்பகுதி வண்டியின் முதுமையால் வருவதன்று. நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுப்பதனால் வருவது.

சென்ற அறுவடைக் காலத்தில் நேர்ந்ததையே கூறுகிறேன். தக்காளிக் கூடைகளை ஏற்றிச் சென்ற நம் லாரி, மேடு ஏறும்போது இழுவை குறைந்து, திணறி நின்றது. கால் மணி கழித்துக் கிளப்பினால் கிளம்பும். சிறிது தூரம் போய் மறுபடியும் நிற்கும். பட்டறைக்காரர் பார்த்த மாத்திரத்தில் "பம்ப் போய்விட்டது" என்றார். பம்பைக் கழற்றி நகரத்துக்கு அனுப்பிப் பிளஞ்சர்களை மாற்றிப் பூட்ட ஐந்து நாட்கள் ஆயின. காய்கள் அழுகின. மில்லிலிருந்து வரவேண்டிய நூல் வராமல் தறிகள் சும்மா கிடந்தன. எல்லாம் ஆன பிறகு லாரி அதே மேட்டில் நின்றது! முடிவில், டீஸல் டாங்கி மூடியிலுள்ள காற்றுத் துளையைச் சேறு அடைத்திருந்தது தெரிய வந்தது. ஓர் ஊசியால் தீர்ந்திருக்க வேண்டிய காரியம்.

டாங்கியிலிருந்து எண்ணெய் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. ஃபீட் பம்ப் எவ்வளவு இழுத்தும் எண்ணெய் போதிய அளவு வராது. வண்டி நின்றிருக்கும்போது காற்று மெல்லக் கசிந்து புகுவதால் மீண்டும் கிளம்புகிறது. திணறும் தறுவாயில் மூடியைத் திறந்து, காற்று "உஸ்" என்று உள்ளே போகிறதா என்று கேட்டிருந்தாலே போதும்.

இன்னொரு சூட்சுமத்தையும் நம் அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம். டாங்கி முதல் ஃபீட் பம்ப் வரையுள்ள குழாய் உறிஞ்சும் பகுதி. அங்கே ஒரு ஹோஸில் மயிரிழை வெடிப்பிருந்தால், வண்டி ஓடும்போது எண்ணெய் வெளியே சொட்டாது. காற்றுத்தான் உள்ளே புகும். ஆகவே "எங்கும் ஒழுகவில்லையே" என்பது சாட்சியாகாது. புகுந்த காற்று பஞ்சுபோல் அமுங்கும் தன்மையது. நாசில் திறப்பதற்கோ வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தம் வேண்டும். பம்பின் உந்தல் முழுவதும் காற்றை அமுக்குவதிலேயே கழிந்துவிட, நாசில் திறவாது போகிறது. இதையே டிரைவர்கள் "ஏர் பிடித்துக்கொண்டது" என்கிறார்கள். ஏரை எடுத்துவிட்டும் மறுநாள் அதே தொல்லை வந்தால், காற்று புகும் வழி இன்னும் அடைபடவில்லை என்று பொருள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கேனும் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயும் போதும். சுத்தமான டீஸல் உள்ள கேனிலிருந்து நேரே ஃபீட் பம்புக்கு இணைப்புக் கொடுத்து, கேனைப் பத்திரமாகக் கட்டி, பாரத்துடன் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கவேண்டும். நன்றாக ஓடினால் குற்றம் டாங்கியிலோ குழாயிலோதான். பெரிய பம்ப் நிரபராதி. அதற்கும் முன்னால் புகையைப் பார்க்கலாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது புகையே வராவிட்டால் எண்ணெய் சிலிண்டரை எட்டவில்லை. கரும்புகை கக்கினால் எண்ணெய் வருகிறது. காற்று பில்டரையும் நாசில்களையும் நோக்கவேண்டும்.

பம்ப் கெடவே கெடாது என்று நான் வாதிடவில்லை. அதன் பிளஞ்சருக்கும் உறைக்கும் இடையிலுள்ள வெளி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தண்ணீரும் தூசியும் அதைத் தின்றுவிடும். நாமோ பீப்பாயின் அடியில் தங்கிய எண்ணெயைக்கூட வீணாக்க மனமின்றி டாங்கியில் ஊற்றுகிறோம்; பில்டர் மாற்றுவதை அடுத்த மாதம் என்று தள்ளுகிறோம். இந்தச் சிக்கனம் எனக்கு விளங்கவில்லை.

எனவே என் யோசனை இது. புகையின் நிறம், மூடித் துளை, கேன் சோதனையின் பலன், பில்டர் மாற்றிய தேதி ஆகியவற்றை டிரைவர் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே பம்பைக் கழற்ற நிர்வாகக் குழு அனுமதி தரவேண்டும். டிரைவருக்கு மெக்கானிக் வேலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். யந்திரத்தின் ஓசையை நாள்தோறும் கேட்பவர் அவர்தானே! அந்த உழைப்புக்குத் தனிப்படி கொடுப்பதும் நியாயம். இப்பொழுது அவருக்குக் கிடைப்பது தாமதத்துக்கான ஏச்சு மட்டுமே.

ஓர் எச்சரிக்கை. நாசில் குழாய்களைத் தளர்த்திச் சோதிப்பது டிரைவர் வேலையன்று. அங்கிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்த பின் வெளிவந்த லாரிகளில் அழுத்தம் இதினும் பன்மடங்கு. நான் கூறிய எதையும் அவற்றில் செய்து பார்க்கலாகாது.

அடுத்த மகாசபையில் இத்தீர்மானத்தை நானே பிரேரேபிக்க உத்தேசித்துள்ளேன். ஆமோதிக்க நெசவாளர் பக்கத்திலிருந்து ஒருவர் முன்வந்தால் மகிழ்வேன்.