சீலிங்கும் கொஞ்சம் பாருங்கள்!

பொங்கல் வந்தால் சுவருக்கு என்ன நிறம் என்று வீடே கூடிப் பேசும். சீலிங்கிற்கு? "மிச்சமிருக்கிற வெள்ளையை அடிச்சு விடுங்க" என்பதோடு சரி! என்னைக் கேட்டால், வீட்டிலேயே அதிகக் கவனம் தேவைப்படும் இடம் அதுதான்.

ஜன்னல் வெளிச்சம் அங்கே சாய்வாக விழுவதால் சின்ன மேடு பள்ளம்கூட நிழலாகத் தெரியும். விலை உயர்ந்த பெயிண்ட் அதை மறைக்காது. பளபளக்கும் வகை இன்னும் காட்டிக் கொடுக்கும். மேட் எமல்ஷன்தான் நல்லது. உதிரும் சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்த பிறகுதான் பெயிண்ட். அடிக்கும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும். ஒரு பட்டையின் ஓரம் காயும் முன்பே ரோலரால் அடுத்ததைச் சேர்த்துவிட்டால் கோடு விழாது. பாதியில் டீ குடிக்கப் போனால் அந்த இடம் தனியாகத் தெரியும்!

இரண்டு விஷயங்களில் மட்டும் அவசரமே கூடாது. ஒன்று, ஓதக்கறை. அதன் மேல் பெயிண்ட் அடிப்பது நம்மை நாமே ஏமாற்றுவது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பினால் காங்கிரீட் விரிசல் விட்டு, பெயர்ந்து தலையில் விழும். முதலில் மொட்டைமாடியைச் சரி செய்யுங்கள். இரண்டு, பழைய பெயிண்ட். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தையதில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, முகமூடி போட்டு, நனைத்துத் தேய்ப்பதே பாதுகாப்பு.

வழவழப்பு ஒரு வாரம் தள்ளி வந்தாலும் பரவாயில்லை. அடியில் படுத்துத் தூங்குவது நாம்தானே?