கையில் கட்டிய கண்காணி

'கண்காணிப்பு' என்பது கம்ப்யூட்டரோடு வந்த சங்கதி மாதிரி இன்றைக்குப் பேசுகிறார்கள். நமக்கு அது பழைய சொல். இலங்கைத் தோட்டங்களில் நம் சனங்களை மேய்த்தவனுக்குப் பேரே கண்காணி. கடன் தொகை எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்துக் கூலி இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. கண்காணி ஒழிந்தானா?

2020இல் சண்டிகர் துப்புரவுத் தொழிலாளர்கள் ஒரு கடிகாரத்தை எதிர்த்துப் போராடினார்கள். மணி பார்க்கிற கடிகாரம் அல்ல, ஆளைப் பார்க்கிற கடிகாரம். ஜி.பி.எஸ். வைத்தது. எந்தத் தெருவில் நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது எங்கோ ஒரு அறையில் கம்ப்யூட்டர் திரையில் தெரியும். காமிராவும் மைக்கும் வேறு. நாக்பூரிலும் பஞ்ச்குலாவிலும் இதே கதைதான். கக்கூசுக்கும் கூட வருகிறதே, வீட்டுக்கும் வருகிறதே, யார் பார்க்கிறது, யார் கேட்கிறது? இதுதான் தொழிலாளர்களின் பயம். அந்தரங்கம் பற்றிய தடித்தடிச் சட்டப் புத்தகமெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடக்கம்.

வேலைக்கு வராமல் சம்பளம் வாங்குகிறவர்களைப் பின்னே எப்படிப் பிடிப்பது என்கிறார்கள். கூட்டின தெருவே சாட்சி சொல்லாதா? வருகைப் பதிவேடு எதற்கு இருக்கிறது? குப்பை அள்ளுகிறவர் என்றாலே ஏமாற்றுவார் என்று முன்கூட்டியே எழுதி வைத்த தீர்ப்பு இது. யார் தலையில் சாதி இந்த வேலையைக் கட்டியதோ, அவர் கையில்தான் இந்தக் கடிகாரமும் ஏறுகிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதன் பிறகும் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள். குழிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கவா கடிகாரம் வாங்கினார்கள்? ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்க்கத்தானே வாங்கினார்கள்!

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்னார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ருமேனியப் பொறியாளர் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அண்ணன் தம்பியோடும், கட்டிக்கப் போகிற பெண்ணோடும் அவர் பேசியதைக் கம்பெனி ஒட்டுப் பார்த்து 2007இல் வேலையை விட்டு நீக்கியிருந்தது. கண்காணிப்பதை முன்கூட்டியே சொன்னாயா, நியாயமான காரணம் உண்டா, இதைவிடக் குறைவாக மூக்கை நுழைக்கிற வழி இருந்ததா என்று நீதிமன்றம் கேட்டது. பொறியாளர் ஜெயித்தார். நல்லது. அதே மூன்று கேள்வியை நம் தெருக்கூட்டும் அக்காவுக்காகக் கேட்பது யார்?

2023இல் பாராளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அதன் 7ஆம் பிரிவு, வேலை சம்பந்தமான காரியத்துக்கும் முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் தொழிலாளியின் சம்மதம் கேட்காமலே அவர் தகவலைக் கையாளலாம் என்கிறது. வீட்டுக்குப் பூட்டு, சாவி முதலாளி கையில்!

இந்த ஆபத்தை அண்ணல் அம்பேத்கர் அன்றைக்கே பார்த்தார். அரசியல் நிர்ணய சபைக்காக 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், அரசு தலையிடாவிட்டால் சுதந்திரம் வந்துவிடாது, தனி முதலாளியின் சர்வாதிகாரம்தான் வரும் என்று வாதிட்டார். பசிக்கிற வயிறு அடிப்படை உரிமையை அடகு வைத்துத்தான் வேலையை வாங்கும். அதனால்தான் கடிகாரத்தைக் கட்டும்போது அவர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் 'சம்மதம்' சம்மதமே அல்ல.

படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற தம்பி தங்கைகளே, இது துப்புரவுக்காரர் பிரச்சினை என்று ஒதுங்காதீர்கள். நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் எண்ணுகிற, உங்கள் திரையை நிமிடத்துக்கு நிமிடம் படம் எடுக்கிற மென்பொருளும் அந்தக் கடிகாரத்தின் கூடப் பிறந்ததுதான். உங்களுக்குக் குளுகுளு அறை, அவர்களுக்கு வெயில். மேய்க்கிற கண் ஒன்றுதான்.

ஆகவே தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டியது இது: காமிராவும் மைக்கும் உடம்பிலிருந்து இறங்க வேண்டும். வேலை நேரம் முடிந்தால் கருவியும் நிற்க வேண்டும். என்ன பதிவாகிறது என்று தொழிலாளிக்கு அவர் மொழியில் சொல்ல வேண்டும். கருவியைக் காட்டிக் கூலியை வெட்டக் கூடாது. 7ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும்.

கொடுப்பது உழைப்பை. உடம்பை அல்ல, மூச்சை அல்ல, பேச்சை அல்ல.