மொத்தமாக எடுத்தால்தான் நிம்மதியா?

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் வீட்டில் முதலில் எழும் குரல், ‘மொத்தமா எடுத்துடச் சொல்லுங்க டாக்டர், வேரோட போயிடட்டும்’ என்பதுதான். அதைச் சொல்பவர் பெரும்பாலும் நோயாளி அல்ல. கணவரோ மகனோ அண்ணனோ. நோயாளி வார்டில் படுத்திருப்பார், முடிவு வராந்தாவில் எடுக்கப்பட்டிருக்கும். அந்த அவசரத்தில் இருக்கும் அக்கறையைக் குறைசொல்ல முடியாது. ஆனால், அதிகம் வெட்டினால் அதிக நாள் பிழைக்கலாம் என்ற கணக்கு பொய்த்துப்போய் 40 ஆண்டுகள் ஆகின்றன.

அந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்தவர்களும் மருத்துவர்கள்தான். அமெரிக்காவின் பால்டிமோரில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் விவரித்த அறுவை சிகிச்சையில், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளும் அக்குள் நெறிகளும் (நிணநீர் முடிச்சுகள்) சேர்ந்தே போயின. விலா எலும்பின் மேல் தோல்தான் மிஞ்சும். கையைத் தூக்கித் தலைவாருவதே பெரும்பாடு. முக்கால் நூற்றாண்டுக்கு அதுவே வேதமாக இருந்தது. 1970களில் அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலியின் மிலானில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு மார்பகத்தை முழுதாக எடுத்தார்கள். சிலருக்குக் கட்டியையும் சுற்றியுள்ள பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவுகள் 2002இல் வெளியாயின. உயிர் பிழைத்திருப்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

கதிர்வீச்சு இங்கே உபரி அல்ல, சிகிச்சையின் மறுபாதி. ஃபிஷரின் ஆய்வில் கதிர்வீச்சு இல்லாமல் கட்டியை மட்டும் எடுத்த மூன்றாவது குழுவும் இருந்தது; அந்தப் பெண்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் 14 சதவீதம் பேருக்கு. நம் ஊர்ச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் என்று 3 முதல் 5 வாரங்கள் கதிர்வீச்சுக்கு வர வேண்டும். எந்திரமோ பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. அறை வாடகை, இழக்கும் கூலி, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் ஒரு பெண், ‘எடுத்துடுங்க’ என்று சொல்லிவிடுகிறார். அவருடைய மார்பகம் போனதற்கு நோயைவிடப் பேருந்து தூரமே பெரிய காரணம். 15 தடவையில் முடிக்கும் முறை இன்று பரவலாகிவிட்டது. 5 தடவையே போதும் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2020இல் காட்டியது. தூரத்துக்கு அஞ்சி முடிவெடுக்கும் முன் எத்தனை தடவை வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மார்பகத்தை முழுதாக எடுப்பதே சரி என்ற நிலையும் உண்டு. ஒரே மார்பகத்தின் வெவ்வேறு மூலைகளில் கட்டிகள் இருந்தாலோ, நோய் தோலில் பரவி மார்பகமே சிவந்து வீங்கியிருந்தாலோ, ஏற்கெனவே நெஞ்சில் கதிர்வீச்சு பெற்றிருந்தாலோ வேறு வழி குறைவு. இன்றைய முறையில் நெஞ்சுத் தசையை விட்டுவைக்கிறார்கள். முழுதாக எடுத்துவிட்டால் கதிர்வீச்சே வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. கட்டி பெரிதாக இருந்தாலோ பல நெறிகளில் நோய் தென்பட்டாலோ அப்போதும் தேவைப்படும். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு மார்பகத்தைக் காப்பாற்றும் வழியும் இருக்கிறது. அப்படியானால் கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் சிறு உலோகக் கிளிப் வைக்கச் சொல்ல வேண்டும். கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால், எங்கே வெட்டுவது என்று காட்ட அந்தக் கிளிப்தான் இருக்கும்.

மார்பகத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு அக்குளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல பெண்களை வாழ்நாள் முழுக்க வதைப்பது அக்குள்தான். நெறிகளை ஒட்டுமொத்தமாக வழித்தெடுத்தால் நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கலாம். வளையல் ஏறாது, ரவிக்கைக் கை பிடிக்கும், தண்ணீர்க் குடம் தூக்க முடியாது. அக்குளில் நெறி எதுவும் வீங்கித் தென்படாதவர்களுக்கு மாற்று வழி உண்டு. மார்பில் நீலச் சாயத்தை ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை. (சிறுநீர் ஒரு நாள் பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம்.) எல்லா மருத்துவமனைகளிலும் இதைச் செய்வதில்லை என்பதால், நாமேதான் கேட்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய கட்டத்திலும் ஒரு பயம் உண்டு: ‘ஊசி குத்தினால் பரவிடும்’ என்று பயாப்சிக்குப் பயப்படுகிறோம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. உண்மையில் கெடுதல் செய்வது, பயாப்சி இல்லாமலே பக்கத்து நர்சிங் ஹோமில் கட்டியை எடுத்துப் பார்த்துவிடுவது. கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது, ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பிறகு பதில் கிடைப்பது கடினம். இரண்டாவது முறை கத்தி வைக்க வேண்டிவரும்.

மார்பகத்தை முழுதாக எடுக்க நேர்ந்தாலும், முதுகுத் தசை, வயிற்றுக் கொழுப்பு, சிலிகோன் ஆகியவற்றால் மார்பகத்தை மீண்டும் உருவாக்கலாம். இதை அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்தால், அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா என்று கேட்பவர்கள் உண்டு. கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் கொடுக்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. பணத்துக்கு வழி செய்த அரசு இன்னொன்றும் செய்ய வேண்டும். அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். செய்யப்போவது எந்த அறுவை சிகிச்சை, அதற்கு மாற்று உண்டா, கதிர்வீச்சு எந்த ஊரில் எத்தனை நாள் என்ற மூன்று விவரங்களும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவற்றை நோயாளியிடமே படித்துச் சொல்லி, அவர் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்; வராந்தாவில் நிற்கும் கணவரிடம் அல்ல.