பழைய தையல் இயந்திரமும் பழுதுபட்ட அபிப்பிராயமும்

மேற்குப் பார்த்த வீட்டில் சித்திரை, வைகாசி மாதங்களைக் கழிக்க நேர்ந்தவர்கள், ஜன்னலுக்கு உள்ளே தொங்கும் திரையைக் காட்டிலும் வெளியே கட்டும் படுதாவே மேல் என்பதை அனுபவத்தில் அறிவார்கள்; கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரையால் அதிகம் தடுக்க இயலாது. அத்தகைய படுதா ஒன்றைக் கித்தானில் தைத்துக்கொள்ள நினைக்கும் குடும்பத்துக்கு வேண்டியவை சில கஜம் துணியும், நூலும், ஒரு தையல் இயந்திரமுமே. ஆனால் இயந்திரம் என்ற பேச்சு எழுந்ததுமே, நம் ஜனங்களிடையே வேரூன்றிவிட்ட ஓர் அபிப்பிராயம் குறுக்கே வந்து நிற்கிறது. பழைய மெஷினை வாங்குவது பணத்தைப் பாழாக்குவது, ஓடாமல் நின்றுவிட்ட மெஷின் இரும்பு விலைக்கே உரியது, அதிலும் கித்தான் போன்ற கெட்டித் துணிக்குத் தொழிற்சாலைகளில் ஓடும் மோட்டார் மெஷின் இல்லாமல் முடியாது என்பதே அது. இதைக் கண்டிக்க வேண்டியது அவசியம் என்று கருதுகிறேன். ஏனெனில் ஏழைக் குடும்பங்களின் கையில் எஞ்சியிருக்கும் நல்ல உபகரணம் ஒன்றை இந்த அபிப்பிராயமே எடைக்குப் போட வைக்கிறது.

எலியாஸ் ஹோவே 1846-லும் ஐசக் சிங்கர் 1851-லும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரங்களில் மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் எந்தத் தத்துவம் இருந்ததோ, அதுவேதான் இன்று கடையில் விற்கும் புது மெஷினிலும் இருக்கிறது. நம் வீடுகளில் காணப்படும் பழைய சிங்கர், உஷா கால் மெஷின்களின் உடல் வார்ப்பிரும்பு. உள்ளே ஓடும் தண்டுகள் எஃகு. இவை சாதாரண வீட்டு உபயோகத்தில் தேய்ந்து அழிவது அபூர்வம். அவற்றை நிறுத்துவது பெரும்பாலும் எண்ணெய்தான். அதாவது, போடக் கூடாத எண்ணெய். தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன என்பதற்காக அவற்றை மெஷினில் விடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நாளடைவில் அவை தூசியோடும் நூல் பிசிறோடும் கலந்து கோந்தாக இறுகி, ஒவ்வொரு மூட்டையும் பிடித்துக்கொள்கின்றன. இதைப் பார்த்தே, மெஷின் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அடுப்புக்கு வெகுதூரத்தில் வைத்து, எண்ணெய் விடும் துளைகளிலெல்லாம் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் சக்கரத்தைக் கையால் பொறுமையாக முன்னும் பின்னும் அசைத்து, வெளிவரும் கறுப்பு அழுக்கைத் துணியால் துடைத்து, பிறகு மெஷின் எண்ணெய் விட்டால், செத்தது என்று தீர்மானிக்கப்பட்ட இயந்திரம் பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும்.

வேறு சில நோய்கள் நோயே அல்ல. சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை என்றால், பாபினில் நூல் சுற்றுவதற்காகத் தளர்த்திய நடுத் திருகை யாரோ திரும்ப முடுக்காமல் விட்டிருக்கலாம். மிதித்தால் பெல்ட் நழுவுகிறது என்றால், தோல் நீண்டுவிட்டது. சிறிது வெட்டிக் கொக்கியை மாட்டினால் போதும். துணியின் அடியில் நூல் சிக்குண்டு கும்பலாகிறது என்பது எல்லோரும் கூறும் புகார்; குற்றம் அடியில் தெரிவதால் பாபினையே திட்டுகிறார்கள். உண்மையில் அது மேல்நூலின் இழுப்புத் தளர்ந்ததன் அடையாளம்; இழுவிசைத் தட்டுகளுக்கிடையே பிசிறு அடைந்திருக்கும், அல்லது அழுத்தும் பாதம் கீழே இருக்கும்போது நூல் கோத்திருப்பார்கள்; அப்போது தட்டுகள் மூடியிருப்பதால் நூல் அவற்றுக்குள் போய் உட்காராது. தையல் விட்டு விட்டு விழுகிறதா? ஊசியைப் பாருங்கள். அதன் நீண்ட காடி நூல் நுழையும் பக்கமாகவும், மேற்பகுதியின் தட்டை முகம் பாபின் கொக்கியின் பக்கமாகவும் இருக்க வேண்டும். திருப்பிப் பொருத்திய ஊசியால் எந்த மெஷினும் தைக்காது. இவ்வளவு சிறிய காரணங்களுக்காக ஒரு நல்ல இயந்திரத்தின் யோக்கியதையைச் சந்தேகிப்பது பெரிய அநியாயம்.

கித்தானைப் பற்றிய பயத்துக்கும் போதிய ஆதாரம் இல்லை. மோட்டாரின் வேகம் வேறு, ஊசியின் பலம் வேறு. கால் மெஷினின் கீழே சுழலும் கனத்த சக்கரம், மெதுவாக ஓடும்போதும், தன் வேகத்தின் வலுவை ஒவ்வொரு குத்துக்கும் தருகிறது. விலை மலிந்த மின்சார மெஷின்கள் சிலவற்றின் பிளாஸ்டிக் பற்சக்கரங்களோ கெட்டித் துணியில் விரிசல் காண்கின்றன. படுதாவுக்கு 16 அல்லது 18 நம்பர் ஊசியைப் போட்டு, வெயிலிலும் மழையிலும் விரைவில் இற்றுப்போகும் பருத்தி நூலைத் தவிர்த்துப் பாலியெஸ்டர் நூலைக் கோத்து, தையலைச் சற்று நீளமாக வைத்து, மடிப்பின் மேல் மடிப்பு வரும் மூலைகளில் மட்டும் காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பினால், வீட்டு மெஷின் அதைத் தாராளமாகத் தைக்கும். லாரித் தார்ப்பாய்க்கும் தடித்த தோலுக்கும் பெரிய மெஷின் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஜன்னல் படுதாவுக்கு வேண்டாம் என்பதே என் வாதம்.

1924-இல் தில்லியில் ராமச்சந்திரன் என்ற மாணவர், இயந்திரங்கள் யாவற்றையும் நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, காந்தியடிகள் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். அந்த மாணவரே பிற்காலத்தில் சௌந்திரம் அம்மையாருடன் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை ஸ்தாபித்தவர். மனிதனை அடிமையாக்காமல் அவன் உழைப்புக்குத் துணைநிற்கும் சாதனம் என்ற கருத்தினால் அடிகள் அளித்த அந்த விலக்கு, என் கணிப்பில், சொந்தக்காரரே கழற்றி, துடைத்து, மாட்டி, தாமே ஓட்டிக்கொள்ளும் இந்தப் பழைய கால் மெஷினுக்கே முழுமையாகப் பொருந்தும். விதவைகளையும் கைவிடப்பட்ட பெண்களையும் எண்ணி அரசாங்கமே தையல் இயந்திரங்களை இலவசமாக வழங்கிவரும் மாநிலம் நம்முடையது. அவற்றுள் ஒன்று ஓடாமல் நின்றுவிட்டால், நிற்பது அந்த அம்மாளின் ஜீவனமே. அவரிடம் போய், இது பயனற்றது, வேறு வாங்கிக்கொள் என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

பழைய மெஷின் வாங்குகிறவர் சில விஷயங்களில் கறாராக இருக்கவேண்டும். வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தாலோ, பாபின் கேஸும் கொக்கியும் தொலைந்து அந்த மாதிரிக்கு மாற்று கிடைக்காவிட்டாலோ, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மற்ற குறைகளுக்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. பாட்டி சீராகக் கொண்டுவந்து, இன்று துணி மூட்டை வைக்கும் மேஜையாக மூலையில் கிடக்கும் மெஷினை எடைக்குப் போட எண்ணுகிறவர்கள், முதலில் மண்ணெண்ணெய் விட்டுப் பார்க்கட்டும். அசையாவிட்டால் கடைவீதியில் மெஷின் பழுது பார்க்கும் மெக்கானிக்கை அழைத்து, அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துப் பார்க்கட்டும். அவரும் கைவிரித்த பிறகு இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடலாம்.